திரும்புற ட்ரிப்பு

பாப்பா,

மெடலை நான் இன்னும் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் கழுத்தில் ஏறியது. இன்று செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி ஆகிறது, இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. குளிக்கும்போதாவது கழற்றி வையுங்கள், துருப்பிடித்துவிடும் என்று உன் அம்மா சொல்லிப் பார்த்தாள். பிடித்தால் பிடிக்கட்டும். நேற்று பால் வாங்கப் போகும்போது சட்டையின் மேல் இரண்டு பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் போனேன். வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத இந்தத் தலையைத் தூக்கிக்கொண்டு சலூனுக்கும் போய் வந்தேன். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், எத்தனையாவதாக வந்தீர்கள் என்று கேட்டார். கேட்கிற கேள்வியா அது? இருபத்தொரு கிலோமீட்டர், அறுபத்தொரு வயது, சர்க்கரை வியாதி, இருபத்தொன்பது வருஷம் சிட்டி பஸ் ஓட்டி உட்கார்ந்தே பழுத்த உடம்பு. முடித்தேனா என்று கேளுங்கள் ஐயா, முடித்தேன் என்றேன். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு சலூன்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம். இந்தக் கடிதத்தை உன் பையின் வெளிப் பாக்கெட்டில் சொருகி வைக்கப் போகிறேன். மேலே ஏறி, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்ட பிறகு படி. வீட்டிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டரில், ஜோகுபாளையம் ஸ்டாப்பில், நீ ஒரு விஷயம் சொன்னாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் ஒரு பொய். நீ ஊரை விட்டுப் போவதற்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஆனால் அதற்கு வருவதற்கு முன்னால் அந்தக் காலை நேரத்தைப் பற்றி நான் பேசியே தீர வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். உன் அம்மாவிடம் ஏழு தடவை சொல்லிவிட்டேன், எட்டாவது தடவை ஆரம்பித்தால் அவள் குக்கரை அடுப்பில் வைத்து விசில் விடுகிறாள்.

ரிடையர் ஆன மறுவாரம் நீ என்னை ஆஸ்டின் டவுன் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? ஒரே ஒரு சுற்று ஓடச் சொன்னாய். கால் சுற்றில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் ஓட்டுகிறவனை ஓடச் சொல்கிறாளே என்று உன்னைத் திட்டினேன், ஞாபகம் இருக்கும். இரவு ட்யூட்டி முடித்து வந்த கண்ணோடு நீ என் பக்கத்தில் நடந்தாய். அடுத்த வாரம் அரைச் சுற்று, அதற்கடுத்த மாதம் நாலு சுற்று. எட்டு மாதத்தில் அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டு வீடு வரைக்கும் ஓடி வருகிற ஆளாக என்னை ஆக்கிவிட்டாய். நடுவில் ஒரு நாள் நான் ஓடிக்கொண்டே வலது கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டிவிட்டு ஒரு பெரியவரை ஓவர்டேக் செய்தேன், நீ சாலையிலேயே உட்கார்ந்து சிரித்தாய். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் இன்றைக்கும் என் கால் தானாக வேகம் குறைக்கிறது, என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கெல்லாம் ட்ரினிட்டி சர்க்கிள் பக்கத்து மைதானத்தில் நாம் நின்றோம். அப்பப்பா, என்ன கூட்டம்! விளக்கு வெளிச்சம், மைக்கில் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து ஒரு பெண் கத்துகிறாள், பாட்டு நெஞ்சுக்கூட்டை இடிக்கிறது, எல்லோரும் ஒரே நிற பனியனில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மூன்று தடவை பாத்ரூம் வரிசையில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் நீ கையில் கொடி பிடித்து நின்றுகொண்டிருக்கிறாய். மஞ்சள் கொடி, அதில் மூன்று மணி என்று பெரிதாக எழுதியிருந்தது. உன்னை நம்பி, உன் பின்னாலேயே ஓடினால் சரியாக மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நாற்பத்தொரு பேர் நிற்கிறார்கள். நீ வேகமாகவும் போகக்கூடாது, மெதுவாகவும் போகக்கூடாது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் எட்டரை நிமிஷத்தில் கடக்க வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது என் வேலையல்லவா! டைமிங் பார்த்து வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை! என் மகள் டிரைவர், நான் பாசஞ்சர். அந்த சந்தோஷத்தில்தான் வாயை மூடத் தெரியாமல் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தேன்.

என்ன கதை என்று உனக்குத் தெரியும். பதினாலு வருஷமாக டிப்போவிலும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. உன் பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை நாள். நீலசந்திராவில் இருந்து கிளம்பி ஜோகுபாளையம் வழியாகப் போகிற என் பஸ்ஸில் நீ ஆஸ்டின் டவுனில் ஏற வேண்டும், பரீட்சை எழுதுகிற பள்ளிக்கூடம் ஜோகுபாளையத்தில். ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டு நீ வீட்டுக்குத் திரும்பி ஓடினாய். நான் ஸ்டாப்பில் இரண்டு நிமிஷம் பார்த்தேன், கண்டக்டர் நஞ்சப்பா ரைட் கொடுத்துவிட்டார், வண்டியை எடுத்தேன். முப்பது அடி போனதும் கண்ணாடியில் நீ தெரிந்தாய், இரண்டு ஜடையும் பறக்க ஓடி வருகிறாய். ஸ்டாப்பைத் தாண்டிய பிறகு யாருக்காகவும் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். "என் சொந்தப் பொண்ணுக்கே நான் நிறுத்தலீங்க!" என்று முடிப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே முடித்தேன். உன் கொடிக்குப் பின்னால் நின்றிருந்த கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஒரு டீச்சரம்மா மட்டும், அப்புறம் அந்தப் பெண் பரீட்சை எழுதினாளா என்று கேட்டார். எழுதினாள், நாலு கிலோமீட்டர் ஓடிப்போய் எழுதினாள், பாஸும் ஆனாள், இதோ கொடி பிடித்து நிற்கிறவள்தான் அவள் என்றேன். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நீ குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினாய்.

எழுந்து நின்று என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாய். "அப்பா, நீ பின்னால போயிட்டா நான் நிக்க மாட்டேன். இவங்கள கொண்டுபோய் சேக்கணும். சரியா?" நின்றால் உனக்கு மெமோ கொடுப்பேன் என்று நான் மீசையை முறுக்கினேன். அப்போது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். பாப்பா, அந்த முதல் பத்து கிலோமீட்டரை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இந்த ஊரில் நான் நிற்காத சிக்னல் கிடையாது. எம்.ஜி. ரோடில் ஒரே சிக்னலில் எட்டு நிமிஷம் நின்றிருக்கிறேன், பின்னால் இருக்கிறவன் என் பரம்பரையையே ஹாரனில் திட்டுவான். அந்த எம்.ஜி. ரோடு அன்று காலியாகக் கிடந்தது! சிக்னலில் சிவப்பு எரிகிறது, நான் பாட்டுக்கு நடுரோட்டில் தாண்டிப் போகிறேன், டிராபிக் போலீஸ்காரர் கையைத் தட்டி "ஓடி சார், ஓடி!" என்று கன்னடத்தில் உற்சாகப்படுத்துகிறார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது, சத்தியமாக. அடுத்த சிக்னலும் சிவப்பு, அதையும் தாண்டினேன். கப்பன் பார்க்குக்குள் மரத்துக்கு அடியில் நாலு பேர் தமுக்கு அடித்தார்கள், நான் ஓடிக்கொண்டே ரெண்டு ஸ்டெப் போட்டேன், காலைச் சேமித்து வை என்று நீ அதட்டினாய். பெண்கள் தட்டில் ஆரஞ்சு சுளை வைத்து நீட்டினார்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகை வரும்போதும் நீ வாட்சைப் பார்த்துவிட்டுக் கொடியை ஆட்டுவாய், சரியாக வந்துகொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். தண்ணீர் வரும்போது முன்கூட்டியே சொன்னாய், மேடு வரும்போது சின்ன அடியாக வைக்கச் சொன்னாய், மூச்சு வாங்கிய டீச்சரம்மாவைப் பேச வைத்தே மேட்டைத் தாண்ட வைத்தாய். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு பாசஞ்சரிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை. பின்னால் ஏறினவர்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

பதினைந்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டி ஒரு ஐம்பது அடி இருக்கும். என் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கிளட்ச் மிதித்த கால் அது. யாரோ உள்ளே கையை விட்டு முறுக்கின மாதிரி இருந்தது, அப்படியே குனிந்து காலைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது பேரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நீ திரும்பிப் பார்த்தாய். ஓட்டத்தை நிறுத்தாமல், கழுத்தை நன்றாகத் திருப்பி, என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாய். பிறகு முன்னால் திரும்பிவிட்டாய். கொடி போய்விட்டது.

முதலில் எனக்கு வந்தது பெருமைதான், அதை மறைக்க மாட்டேன். சபாஷ், யார் பெற்ற பிள்ளை என்று வாய்விட்டே சொன்னேன், பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். காலை உதறிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தேன். மஞ்சள் கொடி நூறு அடியில் இருந்தது, பிறகு இருநூறு அடியில். நான் வேகம் கூட்டினால் கால் பிடிக்கிறது, குறைத்தால் கொடி சின்னதாகிறது. ஒரு வளைவில் திரும்பினீர்கள், அவ்வளவுதான், கண்ணில் இருந்தே மறைந்துவிட்டது. அந்த இடத்தில் பெருமை காலியாகிவிட்டது பாப்பா. இத்தனை வயதானவனுக்கு, "நில்லேன், ஒரு நிமிஷம் நில்லேன்" என்று கத்த வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடுகிற பஸ்ஸின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே கிடையாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பதினாலு வருஷமாக அந்தக் கதையைச் சொல்லி இருக்கிறேன். நீ அந்தப் பக்கம் ஓடி வந்தவள். ஒவ்வொரு தடவை நான் அதைச் சொல்லும்போதும் நீ எழுந்து தட்டு கழுவப் போவாய். இவளுக்கு இந்தக் கதை சலித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தேன், கொஞ்சம் ஓடினேன், மறுபடி நடந்தேன். மூன்றரை மணி நேரத்துக்குள் கோட்டைத் தாண்டினால்தான் மெடல். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள எல்லோருக்கும் பின்னால் ஒரு மினி பஸ் ஊர்ந்து வரும். ஓல்டு மெட்ராஸ் ரோடில் அது என் பக்கத்துக்கே வந்துவிட்டது. டிரைவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "ஹத்தி சார், ஏசி இதே" என்றார். ஏறிக்கொள்ளுங்கள், ஏசி இருக்கிறது என்று எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா! கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்து வந்த குளிர்ந்த காற்று என் முழங்காலைத் தொட்டது. ஏறி உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று நான் பஸ்ஸில் இருந்து இறங்குவதைப் பார்ப்பாய். அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "பேட குரு" என்றேன், வேண்டாமப்பா. நானும் டிரைவர்தான் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, என்னை அவசரப்படுத்தாமல் வண்டியை ஓரம் கட்டி, இன்னொரு நிமிஷம் கழித்தே கிளம்பினார். அந்த ஒரு நிமிஷத்தை எனக்காகக் கொடுத்த அந்த மனிதனின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

எதிர்த் திசையில் இருந்து ஒருத்தி ஓடி வருகிறாள். எல்லோரும் ஓட்டம் முடிகிற மைதானத்தைப் பார்த்துப் போகிற நேரத்தில் அவள் மட்டும் மைதானத்தில் இருந்து இந்தப் பக்கம் வருகிறாள். கழுத்தில் மெடல் குதிக்கிறது, கையில் அதே மஞ்சள் கொடி. என் கண் கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் அந்த ஓட்டம் எனக்குத் தெரியாதா?

வந்ததும் நீ என் தோளில் கை போடவில்லை, அழவில்லை, பக்கத்தில் சேர்ந்து நடக்க ஆரம்பித்தாய். எத்தனை பேரை இறக்கினாய் என்று கேட்டேன். முப்பத்தெட்டு பேர், மூன்று மணிக்கு இருபது செகண்ட் முன்னால், டீச்சரம்மா கோட்டில் விழுந்து கும்பிட்டார்கள் என்றாய். எனக்குக் கால் வலி மறந்துவிட்டது, பாப்பா. மூன்று மணி நேர ஓட்டத்தில் இருபது செகண்ட்! என் சர்வீஸ் முழுக்க ஒரு நாள்கூட நான் அப்படிச் சேர்த்ததில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்கிறதா?

"என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்றேன்.

"நெஞ்சுல கை வச்சிருந்தா நின்னிருப்பேன்பா. கெண்டைக்கால்ல வச்சிருந்த. அதப் பாத்துட்டுதான் போனேன்."

"இப்ப எதுக்கு வந்த?"

"திரும்புற ட்ரிப்பு" என்றாய்.

அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடேயே ஜோகுபாளையம் ஸ்டாப் வந்தது. கூரை மாற்றி இருக்கிறார்கள், இரும்புப் பெஞ்சு புதிது, ஆனால் இடம் அதேதான், பின்னால் இருக்கிற அந்த வேப்பமரமும் அதேதான். நீ அதைக் கொடியால் சுட்டிக் காட்டி, வானிலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். "அன்னிக்கு இங்கதான்பா நின்னேன். பரீட்ச முடிஞ்சி. திரும்புற ட்ரிப்புல கூட்டிட்டுப் போறேன்னு காலைல சொல்லியிருந்தியே. ஒரு மணி நேரம் நின்னேன். உன் பஸ்சு வந்துச்சு, வேற டிரைவரு. ட்யூட்டி மாத்திட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டு நடந்து வந்துட்டேன்."

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், மாற்றிவிட்டார்கள் என்கிற மாதிரி.

ட்யூட்டியை யாரும் மாற்றவில்லை. நான்தான் மாற்றினேன்.

காலையில் உன்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேனே, அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்தக் கண்ணாடியையே பார்த்தேன். அதற்கு முந்தைய வாரம்தான், வழியில் தெரிந்தவருக்காக வண்டியை நிறுத்தினேன் என்று எனக்கு ஒரு மெமோ வந்திருந்தது. அந்தப் பயத்தில் நிறுத்தாமல் விட்டேன், அது வரைக்கும் சரி. ஆனால் மத்தியானம் திரும்பும்போது நீ இந்த ஸ்டாப்பில் நிற்பாய், ஏறுவாய், என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று அழுவாய், அல்லது அழாமல் என்னைப் பார்ப்பாய். நஞ்சப்பா பார்ப்பார், பஸ் முழுக்கப் பார்க்கும். அதற்குப் பயந்து எனக்குத் தலைவலி என்று டிப்போவில் சொல்லி, அந்த ட்ரிப்பை இன்னொரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நீ தோழிகளோடு போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நீ செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தாய், கணக்குப் பரீட்சை நன்றாக எழுதினேன் என்றாய், நானும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் டிப்போவில் அந்தக் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். சொந்தப் பெண்ணுக்கே நிறுத்தாத நேர்மையான டிரைவர். அப்படிச் சொல்லிவிட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? உன் முன்னாலேயே அதை எத்தனை தடவை சொல்லி இருப்பேன்? என் முகத்திலேயே நான் துப்பிக்கொள்ள வேண்டும்.

நேற்று உன் அம்மாவிடம் கேட்டேன், நீ அன்று ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நின்றது அவளுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்களா கேப்பீங்கன்னு பதினாலு வருஷமா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

நீ நினைக்காதே, கடைசி ஒரு கிலோமீட்டரில் எனக்கு சந்தோஷம் குறைந்துவிட்டது என்று. அது வேறு கதை! ட்ரினிட்டி சர்க்கிளைத் திரும்பும்போது மைக் சத்தம் கேட்க ஆரம்பித்தது, நீ வாட்சைப் பார்த்து ஆறு நிமிஷம் இருக்கிறது என்றாய், என் உடம்புக்குள் எங்கேயோ ஒளிந்து கிடந்த டீசல் எல்லாம் கிளம்பி வந்தது. நான் ஓடினேன் பாப்பா! நொண்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஓடினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் உன் அம்மா, நாற்பது வருஷமாக ரோட்டில் சத்தம் போட்டுப் பேசாத பெண்மணி, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். புருஷன் பெயரை! மிச்சமிருந்த தூரத்தை ஓட எனக்கு அதுவே போதும். கோட்டுக்கு முன்னால் நீ கொடியை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனாய், அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. மூன்று மணி இருபத்தாறு நிமிஷம். எல்லோருக்கும் கடைசியாக வந்தவர்களில் ஒருவன், கையில் மூன்று மணிக் கொடியோடு உள்ளே வருகிறான்! மைக்கில் இருந்த பெண்ணே சிரித்துவிட்டாள்.

நீ போகிற ஊரில் உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரத்துக்குப் போகவும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நிற்க முடியாத நேரங்கள் உனக்கும் வரும், வார்டு முழுக்க ஆட்கள் படுத்திருக்கும்போது ஒருவருக்காக நீ நிற்க முடியாது. அப்போது நீ ஞாயிற்றுக்கிழமை செய்ததையே செய். கழுத்தைத் திருப்பிப் பார், கை நெஞ்சில் இருக்கிறதா கெண்டைக்காலில் இருக்கிறதா என்று பார், போக வேண்டியிருந்தால் போ, வேலையை முடி, பிறகு திரும்பி வா. நிறுத்தாமல் போனதற்காக நான் இப்போது வெட்கப்படவில்லை. திரும்பி வராததற்காகத்தான் வெட்கப்படுகிறேன். உன் அப்பனுக்கு இதைக் கற்றுக்கொள்ள இருபத்தொரு கிலோமீட்டர் ஆனது.

இன்னும் ஒன்று. இன்று காலை நீ ஆஸ்பத்திரியில் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போடப் போனாய். நான் நடைப் பயிற்சிக்குப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். இந்தக் காலோடு எந்த நடைப் பயிற்சி என்று அவள் கேட்கவும் இல்லை. ஜோகுபாளையம் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஒன்றரை மணியில் இருந்து இரண்டரை மணி வரைக்கும். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, உட்காரவில்லை, நீ நின்றேன் என்றுதானே சொன்னாய். வெயில் நேராக நெற்றியில் அடித்தது. ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தெரியாது பாப்பா, ஸ்டாப்பில் நிற்பவனுக்குத்தான் தெரியும். பதினாலு பஸ் வந்தது. எதிலும் போர்டைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது வேறு யாரோதான். நீ அதை உன் பதினைந்து வயதில், அறுந்த செருப்போடு பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று வருஷம் கழித்தோ, நடுவில் லீவிலோ, எப்போது திரும்பி வருகிறாயோ அந்தத் தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. வாசலில் முதல் ஆளாக நான் நிற்பேன். விமானம் லேட்டானாலும் நிற்பேன், உட்கார மாட்டேன். நீ கோபமாக வந்தாலும், அழுதுகொண்டு வந்தாலும், ஒன்றுமே பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தாலும் சரி. அந்த ட்ரிப்பை நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டேன்.

அப்பா